காஸ்டிரிக் மாத்திரைக்கு அடங்காத வலி

பாரிட் புந்தாரில் ஏதாவது ஒரு கிளினிக்கில் அரை மணி நேரம் உட்கார்ந்து பாருங்கள். நம்மவர்கள் வாயிலிருந்து அதிகம் வரும் நோய்ப் பெயர் காஸ்டிரிக்காகத்தான் இருக்கும். நெஞ்செரிச்சல் என்றாலும் காஸ்டிரிக், சாப்பாடு இறங்கவில்லை என்றாலும் காஸ்டிரிக், விடியற்காலை நாலு மணிக்கு நெஞ்சு படபடத்து விழிப்பு வந்தாலும் காஸ்டிரிக். வெள்ளை மருந்து ஒரு போத்தல், மாத்திரை பத்து நாளைக்கு. அது தீர்ந்ததும் அதே ஆள் அதே நாற்காலியில் வந்து உட்காருவார். அடுத்த முறை தலைவலி, அதற்கடுத்த முறை பின்கழுத்துப் பிடிப்பு. நடுவில் வீட்டில் யாராவது ஜாதகத்தை எடுத்துக்கொண்டு போய் ஏழரைச் சனி என்று கேட்டுக்கொண்டு வந்திருப்பார்கள்.

மன அழுத்தம் என்ற ஒன்று நமக்குத் தெரியாமல் இல்லை. அதை இடம் மாற்றி வைத்து வைத்தியம் பார்க்கிறோம் என்பதுதான் சங்கடம். வேலை நேரத்தில், கடனில், வீட்டுப் பொறுப்பில் இருக்கும் ஒன்றை வயிற்றில் தேடுகிறோம். எங்கே இருக்கிறது என்று முதலில் கண்டுபிடிப்பது, பிறகு அங்கேயே போய் அதைக் குறைப்பது. இந்த அத்தியாயத்தில் அந்த இரண்டு வேலைகளைத்தான் பார்க்கப் போகிறோம்.

தொடங்கும் முன் ஒரு எச்சரிக்கை. நெஞ்சு வலித்தால் "எல்லாம் டென்ஷன்தான்" என்று நீங்களே தீர்ப்பு எழுதாதீர்கள். 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசிய இந்தியப் பெரியவர்களில் 31.4 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. அதாவது ஏறக்குறைய மூவரில் ஒருவருக்கு. நீரிழிவுக்காரருக்கு மாரடைப்பு பெரிய வலி எதுவும் இல்லாமலே வரக்கூடும். மூச்சு வாங்குகிறது, குளிர்ந்த வியர்வை கொட்டுகிறது, தாடையிலோ கையிலோ வலி இறங்குகிறது என்றால் 999ஐ அழையுங்கள். புத்தகத்தை அப்புறம் படிக்கலாம். நெஞ்சு படபடப்பும் களைப்பும் பல நாளாகத் தொடர்ந்தால் ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தசோகை, தைராய்டு நான்கையும் பார்த்துவிடச் சொல்லுங்கள். அவை சரியாக இருக்கின்றன என்று தெரிந்த பிறகு அழுத்தத்தைப் பற்றிப் பேசுவதுதான் ஒழுங்கான வரிசை.

உடம்பு கணக்கு வைத்திருக்கிறது

ஆபத்து வந்தால் உடம்பு எதிர்த்து நிற்கவோ ஓடவோ ஆயத்தமாகிறது என்பதை அமெரிக்க உடலியல் அறிஞர் வால்டர் கேனன் 1915இல் எழுதினார். அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமாக அடிக்கிறது, ரத்தம் வயிற்றை விட்டுக் கை கால் தசைகளுக்குப் போகிறது, செரிமானம் ஒத்திவைக்கப்படுகிறது. பாம்பைப் பார்த்த பால்மரத் தொழிலாளிக்கு இது உயிர் காத்த ஏற்பாடு. ஐந்து நிமிடத்தில் பாம்பும் போய்விடும், படபடப்பும் அடங்கிவிடும்.

கடன்காரன் பாம்பு மாதிரி போய்விடுவதில்லை. கார்த் தவணை மாதாமாதம் வருகிறது, சூப்பர்வைசர் தினம் தினம் வருகிறார். ஆபத்து நீங்காதபோது கார்டிசால் என்ற இன்னொரு சுரப்பும் சேர்ந்து, உடம்பு ஓய்வுக்குத் திரும்பாமலே நாள் முழுக்க ஆயத்த நிலையில் நிற்கிறது. மொன்ட்ரியாலில் ஆய்வு செய்துகொண்டிருந்த ஹான்ஸ் செலியே இதை எலிகளிடம் பார்த்து 1936இல் 'நேச்சர்' இதழில் எழுதினார். விதவிதமாகத் துன்புறுத்தப்பட்ட எலிகள் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி மாற்றங்கள்: அட்ரினல் சுரப்பி வீங்கியிருந்தது, நோய் எதிர்ப்புக்கான தைமஸ் சுருங்கியிருந்தது, இரைப்பையில் புண் இருந்தது.

அப்படியானால் நம் ஊர் காஸ்டிரிக் எல்லாம் அழுத்தத்தால் வந்ததா? அப்படியும் சொல்லிவிட முடியாது. மனிதருக்கு வரும் இரைப்பைப் புண்ணுக்கு முக்கியக் காரணம் ஹெலிகோபாக்டர் என்ற கிருமி என்று ஆஸ்திரேலியாவின் பேரி மார்ஷலும் ராபின் வாரனும் 1980களில் நிறுவினார்கள். நம்ப மாட்டேன் என்றவர்களுக்காக மார்ஷல் அந்தக் கிருமியையே குடித்துக் காட்டினார். 2005இல் இருவருக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அடிக்கடி விழுங்கும் வலி மாத்திரைகளும் புண் உண்டாக்கும். ஆனால் புண்ணே இல்லாமல் எரிவது, உப்புசம், பசியில்லாமை, காலையில் குமட்டல் ஆகியவற்றை அழுத்தம் கிளப்பிவிடும், கிளம்பியதை அடங்கவிடாது. மருந்து தீர்ந்ததும் வலி திரும்புகிறது, பள்ளி விடுமுறையில் தங்கை வீட்டுக்குப் போன நாலு நாளும் வலியே இல்லை என்றால், அதுவே பாதி நோயறிதல்.

வயிற்றுக்கு அடுத்தபடியாக அழுத்தம் வெளியே தெரியும் இடம் நாக்கு. பிள்ளை காலணியின் வார்ப்பட்டையைப் போடத் தெரியாமல் இரண்டு நிமிடம் தடுமாறுகிறது. நீங்கள் தெருவுக்கே கேட்கும்படி கத்துகிறீர்கள். கத்திய பிறகு உங்களுக்கே தெரிகிறது, காலணிக்கு இவ்வளவு கோபம் தேவையில்லை என்று. சின்ன விஷயத்துக்குப் பெரிய கோபம் என்பது ஒருவரின் சுபாவமாகவே இருக்கலாம். ஆனால் போன ஆண்டு இப்படி இல்லாதவர் இந்த ஆண்டு இப்படி இருக்கிறார் என்றால் அது சுபாவம் இல்லை.

மற்ற அறிகுறிகள் உங்களுக்குத் தெரிந்தவைதான்: படுத்ததும் தூக்கம் வந்தாலும் மூன்று மணிக்கு விழிப்புத் தட்டி அதற்குப் பிறகு வராதது, அடுப்பை அணைத்தோமா என்று பாதி வழியிலிருந்து திரும்புவது, கல்யாண வீட்டுக்குப் போகச் சாக்குத் தேடுவது, சிகரெட்டும் பாக்கெட் கோப்பியும் ஒன்று இரண்டாகி மூன்றாவது. பெண்களுக்கு மாதவிலக்குத் தள்ளிப்போகலாம். சிலர் எதுவுமே உணரமாட்டார்கள். தூக்கத்தில் பல் கடிப்பதைப் பக்கத்தில் படுத்திருப்பவர்தான் சொல்ல வேண்டும்.

பாரிட் புந்தாரின் ஒரு நாள்

அழுத்தத்தைப் பற்றிய புத்தகங்கள் பெரும்பாலும் நகரத்து அலுவலகத்தில் கணினி முன் உட்கார்ந்திருப்பவரை நினைத்து எழுதப்படுகின்றன. நம் கதை வேறு. பாரிட் புந்தார் இருக்கும் கிரியான் மாவட்டம் பேராக்கின் நெல் களஞ்சியம். 1906இல் முடிந்த கிரியான் நீர்ப்பாசனத் திட்டத்தின் வாய்க்கால்கள் இன்னும் ஓடுகின்றன. அதற்கு முன் இங்கே கரும்புத் தோட்டங்கள். நம் முன்னோரில் பலரைக் கப்பலேற்றிக் கொண்டுவந்தது அந்தக் கரும்புதான். கரும்பு போய் ரப்பர், ரப்பர் போய் செம்பனை. 1972இல் பாயான் லெப்பாசில் சுதந்திர வர்த்தக வலயம் தொடங்கியதும் பினாங்கின் தொழிற்சாலைகள் ஆள் தேடின. இப்போது பிறை, பாயான் லெப்பாஸ், பத்து காவான் என்று மூன்று பக்கமும் இழுக்கிறது. வீடு பேராக்கில், வேலை பினாங்கில். எல்லை ஆற்றுக்கு அக்கரையில்தான் இருக்கிறது. ஆனால் வேலைக்குப் போய் வருவது என்பது விடியற்காலை இருட்டில் தொழிற்சாலை பஸ், அல்லது கொமியூட்டர், அல்லது மழையோ வெயிலோ மோட்டார். பன்னிரண்டு மணி நேர ஷிப்ட் என்றால் வீட்டை விட்டுப் போய்த் திரும்புவதற்குள் பதினான்கு, பதினைந்து மணி நேரம் கரைந்துவிடும்.

இரவு ஷிப்ட் முடித்து வரும் ஒரு தாயின் காலையைப் பாருங்கள். எட்டரைக்கு பஸ் இறங்குகிறார். வெயில் சுள்ளென்று முகத்தில் அடிக்கிறது. அந்த வெளிச்சமே மூளைக்கு "பகல் ஆரம்பித்துவிட்டது" என்று சொல்லிவிடுகிறது. வீட்டில் நேற்றிரவுச் சட்டி பானை. துணியைப் போட்டு, உலையை வைத்து, மாமியாருக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்து, படுக்கும்போது பதினொன்று. அடுத்த வீட்டில் சுவரைத் துளைக்கிறார்கள். ஒன்றரைக்குப் பிள்ளை பள்ளி விட்டு வருகிறது. தூங்கியது இரண்டரை மணி நேரம். இப்படி நான்கு நாள் போன பின் வருகிற தலைவலிக்குத் தலையில் என்ன இருக்கப் போகிறது?

இவருக்கு "தியானம் செய்யுங்கள் அக்கா" என்று சொல்லும் ஆலோசகர்மேல் எனக்கு அவ்வளவு மரியாதை இல்லை. தியானத்தை நான் குறைத்துச் சொல்லவில்லை. முதலில் அவருக்கு வேண்டியது இன்னும் மூன்று மணி நேரத் தூக்கம். பஸ்ஸிலேயே கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். படுக்கை அறை சன்னலுக்குத் தடித்த கறுப்புத் துணி அடிக்கலாம். உலை வைப்பதைத் தூங்கி எழுந்த பிறகுக்குத் தள்ளலாம். காலையில் மாமியாருக்கு மாத்திரை கொடுப்பது கணவரின் வேலை என்று ஒரு முறை உட்கார்ந்து பேசி முடிவு செய்யலாம். கோப்பியில் உள்ள கேஃபீன் பாதியாகக் குறையவே ஐந்து மணி நேரம் போல ஆகும். ஆகவே ஷிப்டின் கடைசி ஐந்தாறு மணி நேரத்தில் கோப்பி, எனர்ஜி பானம் எதுவும் வேண்டாம். பிள்ளை வந்த பிறகு மாலையில் மறுபடியும் ஒன்றரை மணி நேரம் படுக்க முடிந்தால் அதையும் தூக்கக் கணக்கில் சேர்க்கலாம்; ஒரே மூச்சில்தான் தூங்க வேண்டும் என்று சட்டம் இல்லை.

சட்டம் சில இடங்களில் உங்கள் பக்கம் இருக்கிறது. 2023 ஜனவரி 1 முதல் வேலைச் சட்டத்தின்படி வாராந்தர வேலை நேரம் 48 மணியிலிருந்து 45 மணியாகக் குறைந்தது. ஓவர்டைம் மாதத்துக்கு 104 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது. வேலை நேரத்தையோ நாளையோ மாற்றிக் கேட்டு எழுத்து மூலம் விண்ணப்பிக்கலாம். முதலாளி 60 நாளுக்குள் எழுத்திலேயே பதில் தர வேண்டும், மறுத்தால் காரணமும் சொல்ல வேண்டும். கேட்டவர்கள் எல்லாருக்கும் கிடைத்துவிடும் என்று சொல்லமாட்டேன். ஆனால் வயதான தாயைப் பார்க்க வேண்டும், நிரந்தரப் பகல் ஷிப்ட் வேண்டும் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுக்காமலே ஐந்து வருடம் உள்ளுக்குள் புழுங்குகிறவர்கள் நம்மில் அதிகம்.

கடன் நோட்டு

குடும்பத்துக்குள் நடக்கும் சண்டைகளில் பாதிக்கு மேல் பணத்தைப் பற்றியவை என்று யாரும் எனக்குப் புள்ளிவிவரம் காட்ட வேண்டியதில்லை. தாமான் வீடுகளின் சுவர் அவ்வளவு மெல்லியது. ஆகவே அழுத்தம் குறைக்க நான் சொல்லும் முதல் பயிற்சி ஒரு பள்ளி நோட்டில் எழுதுவது. மோட்டார்த் தவணை, வீட்டுக் கடன் அல்லது வாடகை, பள்ளி பஸ், அடகுக்கடை வட்டி, கூட்டுப் பணம், மளிகைக்கடை பாக்கி, அண்ணனிடம் வாங்கியது. எதையும் விடாமல், கணவன் மனைவி இருவரும் ஒரே மேசையில். எழுதும்போது நெஞ்சு அடைக்கும். எழுதி முடித்து ஒரு மொத்தத் தொகை கண்ணுக்குத் தெரிந்த பிறகு பலருக்குப் பயம் குறையும். எவ்வளவு என்று தெரியாத கடன்தான் மூன்று மணிக்கு எழுப்பும்.

அதற்குப் பிறகு யாரிடம் போவது? வங்கிக் கடன், கடன் அட்டை என்றால் ஏ.கே.பி.கே. இருக்கிறது. பேங்க் நெகாரா 2006இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனம் இது. ஆலோசனைக்குக் காசு கிடையாது. வங்கிகளோடு பேசித் தவணையைத் திருப்பி அமைத்துக் கொடுப்பார்கள். ஆலோங் என்ற சட்டவிரோத வட்டிக்காரரிடம் வாங்கியதை அவர்களால் திருப்பி அமைக்க முடியாது. மிரட்டல் வந்தால் போலீசில் புகார் செய்வதைத் தவிர வழியில்லை, புகார் செய்யத் தாமதிக்கும் ஒவ்வொரு வாரமும் வட்டி ஏறுகிறது. ஒரு ஆலோங்கை அடைக்க இன்னொரு ஆலோங்கிடம் போகாதீர்கள்.

கூட்டைப் பற்றி இரண்டு வார்த்தை. பத்துப் பெண்கள் சேர்ந்து மாதம் நூறு வெள்ளி போடுவது தோட்டத்துக் காலத்திலிருந்து வரும் பழக்கம், பல வீட்டுக் கல்யாணம் அதில் நடந்திருக்கிறது. ஆனால் கூட்டு நடத்துவதை 1971ஆம் ஆண்டுச் சட்டமே தடை செய்திருக்கிறது. பிடித்தவர் பணத்தோடு காணாமல் போனால், புகார் கொடுக்கப் போகவே உங்களுக்குத் தயக்கமாக இருக்கும். அந்தத் தயக்கமும் சேர்த்துத்தான் வயிற்றில் எரியும்.

ஊழியர் சேமநிதியில் 2024 மே மாதம் வந்த நெகிழ்வுக் கணக்கிலிருந்து எப்போது வேண்டுமானாலும் பணம் எடுக்கலாம் என்பது சிலருக்கு மூச்சு விட இடம் கொடுத்திருக்கிறது. அவசரத்துக்கு எடுங்கள். புதுத் தொலைபேசிக்கு எடுத்துவிட்டு, அடுத்த அவசரத்துக்கு ஆலோங்கிடம் போகாதீர்கள்.

நல்ல செய்தியும் சுமைதான்

1967இல் தாமஸ் ஹோம்ஸ், ரிச்சர்ட் ராஹே என்ற இரு அமெரிக்க மனநல மருத்துவர்கள் வாழ்க்கை மாற்றங்களுக்கு மதிப்பெண் போட்டு ஒரு பட்டியல் வெளியிட்டார்கள். கணவனோ மனைவியோ இறப்பது 100. வேலை போவது 47. ஓய்வு பெறுவது 45. திருமணத்துக்கு 50! வேலை போனதைவிடத் திருமணத்துக்கு மூன்று மதிப்பெண் அதிகம். ஓராண்டில் 300ஐத் தாண்டினால் உடம்புக்கு நோய் வரும் வாய்ப்பு கூடும் என்றார்கள். அமெரிக்க வாழ்க்கைக்குப் போட்ட மதிப்பெண் நமக்கு அப்படியே பொருந்தாது. நம் கல்யாணத்துக்கு ஐம்பது போதாது என்று பெண்ணைப் பெற்றவர்கள் சொல்லக்கூடும். ஆனாலும் கணக்கு பயனுள்ளது. மகளுக்குக் கல்யாணம், அதே ஆண்டில் வீடு மாறியது, அப்பா படுத்தது, மகனுக்கு எஸ்.பி.எம். பரீட்சை என்று எல்லாம் ஒன்றாக வந்திருந்தால், "எனக்கு என்னதான் குறை, ஏன் இப்படி அழுகை வருகிறது" என்ற கேள்விக்கு அதிலேயே பதில் இருக்கிறது. ஒத்திப்போடக் கூடியதை ஒத்திப்போடுங்கள். வீட்டுக்கு ஓடு மாற்றுவது அடுத்த ஆண்டு நடக்கட்டும்.

யார் கவனிப்பார்?

தோட்டத்து லயத்தை இப்போது பொற்காலமாக எழுதுவது ஒரு வழக்கமாகிவிட்டது. எனக்கு அதில் உடன்பாடில்லை. ஒழுகும் கூரை, கிராணியின் அதட்டல், சம்சு குடித்துவிட்டு வந்து அடிக்கும் ஆண்கள், இவற்றை மறந்துவிட்டு லயத்தைப் புகழ முடியாது. ஆனால் ஒரு விஷயம் அங்கே இருந்தது. வாசல் கதவு திறந்திருக்கும், மூன்று நாள் நீங்கள் சரியாகச் சாப்பிடவில்லை என்றால் நாலாம் நாள் எதிர்வீட்டுப் பாட்டி "என்னாடி ஆத்தா, மூஞ்சி வத்திப்போச்சு?" என்று கேட்டுவிடுவார். தோட்டம் கைமாறி, துண்டாடப்பட்டு, ஆட்கள் தாமான் வீடுகளுக்கு வந்த பிறகு வாசலில் இரும்புக் கிரில், அதற்குப் பூட்டு. பக்கத்து வீட்டார் ஷிப்ட் வேறு, நம் ஷிப்ட் வேறு.

அழுத்தத்தைக் கடைசியாகத் தெரிந்துகொள்பவர் பெரும்பாலும் அதைச் சுமப்பவர்தான். அதனால் ஆள் ஒருவரை ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அக்காவோ, மாமாவோ, வேலை இடத்துத் தோழியோ. "நான் மாறிப்போன மாதிரி தெரிந்தால் என்னிடம் சொல்லு, நான் கோபப்பட மாட்டேன்" என்று முன்கூட்டியே அனுமதி கொடுத்து வையுங்கள். சொன்னால் உண்மையிலேயே கோபப்படாதீர்கள்.

நீங்கள் கேட்கும் இடத்தில் இருந்தால், அறிவுரையை அவசரப்பட்டுக் கொட்ட வேண்டாம். "பொறுத்துப் போ", "எனக்கு வராத கஷ்டமா", "சாமிக்கு வேண்டிக்கோ" இவை மூன்றும் பேச்சை முடித்துவைக்கும் வாசகங்கள். "அப்புறம் என்ன ஆச்சு?" என்று கேளுங்கள். கோயிலுக்குப் போவதால் மனம் லேசாகிறவர்கள் கட்டாயம் போகட்டும். ஆட்களோடு உட்கார்வதும் கூடச் சேர்ந்து தேவாரம் பாடுவதும் மூச்சுப் பயிற்சிக்குக் குறைந்தவை அல்ல. கோயிலுக்குப் போவதால் கிளினிக்குக்குப் போகக் கூடாது என்று எந்தச் சாமியும் சொல்லவில்லை.

ஏழு கேள்விகள்

ஊகமாகப் பேசாமல் அளந்து பார்க்கவும் வழி இருக்கிறது. சிட்னியில் லோவிபாண்ட் என்ற பெயருள்ள இரு ஆய்வாளர்கள் 1995இல் வெளியிட்ட டாஸ் என்ற கேள்வித்தாளின் 21 கேள்விப் பதிப்பு மலேசிய அரசு கிளினிக்குகளில் பல ஆண்டுகளாகப் பயன்பட்டு வந்தது. அதில் ஏழு கேள்விகள் அழுத்தத்துக்கானவை. கடந்த ஒரு வாரத்தில் மனம் ஓய்வு நிலைக்குத் திரும்பக் கடினப்பட்டதா, சின்னதற்குப் பெரிதாகப் பொங்கினோமா, நரம்பெல்லாம் முறுக்கேறியது போல் இருந்ததா, பொறுமை போனதா, சட்டென்று சுருக்கென்றதா என்ற ரீதியில் போகும். ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து மூன்று வரை மதிப்பெண். கூட்டி, இரண்டால் பெருக்க வேண்டும். 14 வரை இயல்பு. 15 முதல் 18 வரை லேசான அழுத்தம், 25 வரை நடுத்தரம், 26இலிருந்து கடுமை, 34ஐத் தொட்டால் மிகக் கடுமை. மலாய் மொழிபெயர்ப்பு எளிதாகக் கிடைக்கும். மாதத்துக்கு ஒரு முறை போட்டுப் பாருங்கள். எண் இறங்குகிறதா ஏறுகிறதா என்பது எண்ணைவிட முக்கியம். இது நோய்ச் சான்றிதழ் அல்ல. மருத்துவரிடம் பேச்சைத் தொடங்க ஒரு காகிதம், அவ்வளவே.

கையிலேயே இருப்பவை

மூச்சு. மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறோ ஏழோ எண்ணும்வரை மெதுவாக விடுங்கள். உள்ளே இழுப்பதைவிட வெளியே விடுவது நீளமாக இருக்க வேண்டும் என்பதுதான் இதன் சூத்திரம். வெளிமூச்சின்போது இதயத் துடிப்பு தானாகவே குறையும். தினம் ஐந்து நிமிடம். தொழிற்சாலை பஸ்ஸில் கண்ணை மூடிக்கொண்டு செய்யலாம், யாருக்கும் தெரியாது. தலை சுற்றினால் வேகமாக இழுக்கிறீர்கள் என்று பொருள்.

நடை. வாரத்துக்கு 150 நிமிடம் மிதமான உழைப்பு என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நாளுக்கு அரை மணி நேரம், ஐந்து நாள். பாரிட் புந்தாரில் இதற்கு ஜிம் சந்தா தேவையில்லை. வாய்க்கால் ஓரத்து வயல் சாலைகள் இருக்கின்றன. அறுவடைக்குப் பின் வைக்கோல் எரிக்கும் நாட்களில் மட்டும் வீட்டுக்குள்ளேயே இருங்கள், ஆஸ்துமாக்காரர்கள் கட்டாயம்.

கவலைக்கு நேரம் ஒதுக்குவது என்று ஒரு முறை உண்டு. கேட்டால் சிரிப்பு வரும், ஆனால் வேலை செய்யும். பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தின் தாமஸ் போர்கவெக்கும் உடன் ஆய்வாளர்களும் 1983இல் இதைச் சோதித்து எழுதினார்கள். தினம் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் அரை மணி நேரம் உட்கார்ந்து கவலைப்படுவது; மற்ற நேரத்தில் கவலை வந்தால் "ஆறரைக்குப் பார்த்துக்கொள்ளலாம்" என்று ஒரு காகிதத்தில் குறித்துத் தள்ளிவிடுவது. படுக்கையில் மட்டும் அந்த நேரத்தை வைத்துக்கொள்ளாதீர்கள். ஆறரைக்கு உட்கார்ந்து பார்க்கும்போது குறித்ததில் சில அதற்குள் தாமாகவே செத்துப்போயிருக்கும்.

மது தூக்கம் தரும் என்பது பாதி உண்மை. சீக்கிரம் தூங்க வைக்கும், பின்னிரவில் எழுப்பிவிடும், மறுநாள் பதற்றத்தைக் கூட்டும். மலிவுச் சம்சு இதோடு ஈரலையும் கெடுக்கும். படுக்கையில் தொலைபேசியைத் தள்ளித் தள்ளிப் பார்ப்பதும் இதே ரகம்தான், ஈரல் மட்டும் தப்பிக்கும்.

எப்போது கிளினிக்குக்கு?

இரண்டு வாரத்துக்கு மேல் தூக்கமோ பசியோ சரியில்லை, வேலைக்குப் போக முடியவில்லை, எதிலும் விருப்பமில்லை, காரணமில்லாமல் அழுகை, இவற்றில் எது இருந்தாலும் போக வேண்டும். 2023ஆம் ஆண்டின் தேசிய ஆய்வில் 4.6 விழுக்காட்டினருக்கு மனச்சோர்வு நோய் இருப்பது தெரிந்தது. 2019இல் இது 2.3. அன்றாட அழுத்தம் கவனிக்கப்படாமல் கிடந்தால் போய்ச் சேரும் இடங்களில் அதுவும் ஒன்று.

பேராக்கில் வளர்ந்தவர்களுக்குத் தனியாக ஒரு பயம் உண்டு. "தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிடுவாங்க." சின்ன வயதில் கேலிக்குச் சொன்னது, பெரியவரான பிறகும் காலைப் பிடித்து இழுக்கிறது. ஈப்போவுக்குப் பக்கத்தில் 1911இல் தொடங்கிய அந்த மருத்துவமனை இன்று உலு கிந்தா பகாகியா மருத்துவமனை. தூக்கம் வரவில்லை என்று கிளினிக்குக்குப் போனவரை யாரும் அங்கே கொண்டுபோய்ப் படுக்க வைப்பதில்லை. கிளினிக் டாக்டர் பேசுவார், கேள்வித்தாள் கொடுப்பார், தேவையென்றால் ஆலோசகரிடமோ பெரிய மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கோ எழுதிக் கொடுப்பார். பெரும்பாலானவர்கள் அன்றே வீட்டுக்குத் திரும்பிவிடுவார்கள்.

உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணம் உங்களுக்கு வந்தால், அல்லது வீட்டில் யாராவது அப்படிப் பேசினால், காத்திருக்க வேண்டாம். "செத்துப்போகணும்னு தோணுதா?" என்று நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைப்பதில்லை. வீட்டிலுள்ள மாத்திரைகளையும் களைக்கொல்லியையும் அப்புறப்படுத்துங்கள், ஆளைத் தனியாக விடாதீர்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியிருந்த 309ஆம் பிரிவு 2023இல் நீக்கப்பட்டுவிட்டது. போலீஸ் வழக்கு வரும் என்று பயந்து மருத்துவமனைக்குப் போகாமல் இருக்கத் தேவையில்லை. பிஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் 03-7627 2929 எண்ணில் இருபத்து நான்கு மணி நேரமும் பேசலாம். சுகாதார அமைச்சின் ஹீல் எண் 15555, காலை எட்டு முதல் நள்ளிரவு வரை. வீட்டில் அடி உதை என்றால் தாலியான் காசே 15999. அழைக்கும்போது தமிழில் பேச ஆள் இருக்கிறாரா என்று கேளுங்கள், கேட்பதில் தவறில்லை.

பாரிட் புந்தார் அரசு கிளினிக்கில் குடிமக்களுக்குப் பதிவுக் கட்டணம் ஒரு ரிங்கிட். மைகாட் எடுத்துக்கொள்ளுங்கள், எத்தனை நாளாகத் தூக்கமில்லை என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கவுண்டரில் என்ன நோய் என்று கேட்டால், இந்த முறை காஸ்டிரிக் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்.